பிளாஸ்டிக் தார்ச்சாலை

வீசியெறிந்த பிளாஸ்டிக் பை, உறை, கோப்பை முதலியவற்றைத் துருவலாக்கி, சூடான ஜல்லியில் கலந்து போடும் தார்ச்சாலை. இம்முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன்.

கழிவைச் சாலைக்குப் பயன்படுத்துவது புதிதல்ல. இரும்பாலைக் கசடு ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாலைக்குப் போனது. அனல்மின் நிலையச் சாம்பலைச் சாலை மேடுகளில் நிரப்ப, சாலைத் தரங்களை நிர்ணயிக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2001இல் நெறிமுறை வகுத்தது. கசடும் சாம்பலும் கல்லுக்கும் மண்ணுக்கும் மாற்று. வாசுதேவன் கைவைத்ததோ தாரின் பிடிப்பில்.

நம் சாலைகளைக் கெடுப்பது பெரும்பாலும் மழைநீர்தான். ஜல்லியின் நுண்துளைகளில் நீர் இறங்கினால் தார் பிடி விடும், கல் பெயரும், குழி விழும். இம்முறையில் ஜல்லியைச் சுமார் 160 பாகை செல்சியசுக்குச் சூடாக்கித் துருவலைத் தூவுகிறார்கள். அது நொடிகளில் உருகி, கல்லைச் சுற்றி மெல்லிய படலமாகப் படிந்து துளைகளை அடைக்கிறது. அதன்மேல் சேரும் தார் இறுகப் பற்றுகிறது. தாரின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பிளாஸ்டிக்காக இருப்பதால் தாரும் மிச்சம். மறுசுழற்சிக்கு எவரும் வாங்காத தின்பண்ட உறையும் இதற்கு உதவும் என்பதே இதன் பெரிய நன்மை.

கல்லூரி வளாகத்தில் 2002இல் முதல் சாலை போடப்பட்டது. சென்னை ஜம்புலிங்கம் தெரு, ஈரோடு வீரபத்திர தெரு, மதுரை வண்டியூர் சாலை ஆகியவை தொடர்ந்தன. இவற்றைச் சில ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குழியோ பள்ளமோ விழவில்லை எனக் கண்டது. கல்லூரி 2006இல் காப்புரிமை பெற்றது. இதற்கான சாலைக் காங்கிரஸின் நெறிமுறை 2013இல் வந்தது. 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தேசிய நெடுஞ்சாலைகளில் இதைப் பயன்படுத்த 2015இல் மத்திய அரசு உத்தரவிட்டது. வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கை மட்டும் கலக்கவே கூடாது. சூட்டில் நச்சு வாயு வெளியிடும். ஆகவே இம்முறையின் வெற்றி தார்க் கலவை ஆலையில் அல்ல, குப்பை பிரிக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. பட்டுக் கடைகளும் கோயில் கூட்டமும் உறைகளையும் பைகளையும் குவிக்கும் காஞ்சிபுரம் போன்ற ஊர்களுக்கு இது மிகவும் பொருந்தும். கடைக்காரரும் யாத்திரிகரும் அவற்றை ஈரக் குப்பையோடு சேர்க்காமல் தனியே கொடுக்க வேண்டும். நகராட்சிகளும் மாநகராட்சிகளும் அவற்றைத் தனியே வாங்க வேண்டும்.