வடக்குப் பாதையும் வான்வழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள பலாலி விமான நிலையத்துக்கும், மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள சீகிரியா விமானத்தளத்துக்கும் இடைப்பட்ட நேர்தூரம் ஏறத்தாழ 215 கிலோமீற்றர். மணிக்கு 400 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கும் விமானத்துக்கு அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். இரண்டாம் உலகப் போரின்போது இவ்விரு தளங்களையும் பிரித்தானிய விமானப்படையினர் பயன்படுத்தினர். அவர்களுக்கு அது ஓர் எளிய பயணம்.

சீகிரியாவுக்கு அணித்தே தம்புள்ளை இருக்கின்றது. அவ்வூரின் வழியாகத்தான், கடந்த நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலே, தமிழகத் தொழிலாளர் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தனர். பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து, தலைமன்னாரிலோ அரிப்பிலோ கரையேறி, வன்னிக்காட்டினூடே மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை ஆகிய இடங்களைத் தாண்டி மாத்தளையை அடைவது அவர்களது வழி. வரலாற்றாசிரியர் இதனை வடக்குப் பாதை என்பர். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வான்வழித் தூரத்தைவிட இது பெரிதும் மிகுந்ததன்று என்பதை நேயர்கள் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

கங்காணி முன்செல்ல, சட்டி பானையும் சிறு மூட்டையும் சுமந்து, குழந்தைகளை இடுப்பில் ஏந்தி அவர்கள் நடந்தனர். வறண்ட காலத்திற் குடிநீர் அரிது; மழைக்காலத்திலோ காய்ச்சல். வாந்திபேதி கண்டவர் வழியிலேயே வீழ்ந்தனர். அவ்வாறு மாண்டோரின் தொகை பற்றி ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஏற்றுமதியான கோப்பியைக் கணக்கிற் பதிந்த அளவு கவனத்துடன், அதனைப் பறிக்க வந்தோரை எவரும் பதியவில்லை. காடு கடந்து உயிருடன் வந்தோர் முதலிற் கண்ட மலைநாட்டு நகரம் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோவில் சிறப்புற்றதன் காரணத்தை அந்த நடையிலே காணலாம்.

1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. எனினும் அது கொழும்பு, கண்டி வழியாக வந்த பாதை. வடக்கிலிருந்து வந்தவனுக்கு அதனாற் பயனில்லை. 1899இல் கொள்ளைநோய் அச்சத்தால் வடக்குப் பாதை மூடப்பட்டது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறுவோர் காட்டில் நடக்கவேண்டிய நிலை இல்லாதாயிற்று.

1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. கடலைக் கடப்பது ஒருசில மணிநேரப் பயணமாகிவிட்டது. அடுத்த ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கைப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு அனுப்பப்பட்டோர் விமானத்திற் செல்லவில்லை. புகையிரதமேறித் தலைமன்னாருக்குச் சென்று, அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். தம் முன்னோர் கரையிறங்கிய அதே கடற்கரையில்தான் அவர்கள் விடைபெற்றனர்.

2019 அக்டோபரிற் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகி, சென்னைக்குச் சேவை தொடங்கியது. அதன்பின் நான்காண்டு கழிந்து, மலைநாட்டுத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் நாள் ஒரு கூட்டத்தார் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டனர். விமானமும் பேருந்தும் இருக்கவே அவர்கள் நடையைத் தேர்ந்தனர். பதினாறாம் நாளாகிய ஆகஸ்டு 12இல் மாத்தளையை அடைந்தனர்.