பிராங்கிளினின் ஒரு பந்தி

பெஞ்சமின் பிராங்கிளினின் சுயசரிதையை உங்களிற் சிலர் படித்திருப்பீர்கள். அச்சகத்திற் கைத்தொழில் பழகிய ஒருவர் எவ்வாறு உலகறிந்த மேதையானார் என்பதைக் கூறும் நூல் அது. தன்னம்பிக்கை மிளிரும் அந்நூலிலே துயரம் தோய்ந்த சிறு பந்தி ஒன்றுண்டு. அதுபற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1736 நவம்பரில் பிராங்கிளினின் மகன் பிரான்சிஸ் பெரியம்மையால் இறந்தான். அவனுக்கு வயது நான்கு. ஜென்னரின் அம்மைப்பால் 1796 இல்தான் வந்தது. அதற்கு முன்னர் இருந்தது வேறொரு முறை. நோயாளியின் கொப்புளத்திலிருந்து சிறிது சீழை எடுத்து, நலமாயிருப்பவரின் தோலைக் கீறி ஏற்றுவார்கள். பெரும்பாலும் நோய் இலேசாகக் கண்டு மாறிவிடும். பின்னர் அம்மை அண்டாது. ஆயினும் இதனாலும் சிலர் இறந்ததுண்டு.

இம்முறை பொஸ்டன் நகருக்கு வந்த கதை சுவையானது. ஒனெசிமஸ் என்ற ஆபிரிக்க அடிமை, தமது நாட்டில் இவ்வழக்கம் இருப்பதை மதகுரு கொட்டன் மேதருக்குச் சொல்லியிருந்தார். 1721 இல் பெரியம்மை பரவியபோது, மேதரின் தூண்டுதலால் சப்டியேல் பொயில்ஸ்டன் என்ற வைத்தியர் துணிந்து அதைச் செய்தார். நகரமே கொதித்தது. மேதரின் வீட்டுக்குள் கைக்குண்டொன்று எறியப்பட்டது. நல்லவேளையாக அது வெடிக்கவில்லை. பட்டம் பெற்ற மருத்துவரான வில்லியம் டக்ளஸ் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்புக்கு இடங்கொடுத்த பத்திரிகையை நடத்தியவர் பிராங்கிளினின் தமையன் ஜேம்ஸ். அங்கே தொழில் பழகிய பதினைந்து வயதுப் பையன்தான் பெஞ்சமின்.

பட்டம் ஒரு பக்கம், அடிமையின் சொல் மறுபக்கம். யாரை நம்புவது? கணக்கு விடை சொன்னது. இயல்பாக நோய் கண்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரில் 844 பேர் மாண்டனர். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். பொயில்ஸ்டன் சீழேற்றிய ஏறக்குறைய 240 பேரில் மாண்டவர் 6 பேர். நாற்பது பேருக்கு ஒருவர். காலப்போக்கில் டக்ளஸும் மனம் மாறினார்.

எதிர்த்தவரும் எண்ணிப் பார்த்து இறுதியில் ஏற்றுக்கொண்டதையே அறிஞர்களின் ஒருமித்த கருத்து என்கிறோம். தனியொருவரின் அச்சத்தைவிட, கெட்டித்தனத்தைவிட, அது நம்பத்தகுந்தது என்பது எனது அபிப்பிராயம்.

வளர்ந்த பிராங்கிளின் இந்தக் கணக்கை அறிந்தவர், சீழேற்றலை ஆதரித்தவர். ஆனால் மகனுக்கு வயிற்றோட்டம். தேறட்டும் என்று காத்திருந்தார். அம்மை முந்திவிட்டது. சீழேற்றியதால்தான் பிள்ளை இறந்தான் என்று ஊரில் வதந்தி பரவியபோது, தமது பத்திரிகையிலேயே அதை மறுத்தெழுதினார். 1759 இல் லண்டனில் மருத்துவர் ஹெபர்டனின் சிறுநூலுக்கு முன்னுரை எழுதி, பொஸ்டன் கணக்குகளை அதில் எடுத்துரைத்தார்.

சுயசரிதையின் அந்தப் பந்தி பெற்றோருக்காக எழுதப்பட்டது. சீழேற்றிப் பிள்ளை இறந்தால் நம்மை நாமே மன்னிக்கமாட்டோமே என்று அவர்கள் தயங்குகிறார்கள். ஏற்றாமல் விட்டு இறந்தாலும் வேதனை அதேதான் என்பதற்குத் தம்மையே சாட்சியாக்கி, ஆபத்துக் குறைந்த வழியைத் தெரிந்தெடுங்கள் என்கிறார் அவர்.

பெரியம்மை உலகில் ஒழிந்துவிட்டதென 1980 இல் அறிவிக்கப்பட்டது. இன்றைய தடுப்பூசிகள் அந்தச் சீழைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானவை. பெற்றோரின் தயக்கம் மட்டும் பழையதுதான். அவர்களுக்கு நான் எடுத்துக்கொடுக்க விரும்புவது அந்தச் சிறு பந்தியையே.