பாலக்கோடு வட்டாரத்தில் நீர்மூல மாற்றமும் புளோரைடும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

காவிரியின் துணையாறான சின்னாறு, பாலக்கோடு வட்டத்தின் வழியே பாய்ந்து ஒகேனக்கல் அருகே காவிரியில் கலக்கிறது. பருவமழையைச் சார்ந்த இவ்வாற்றின் வரத்து குறையும்போது நீரின் அளவோடு தன்மையும் மாறுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

நீர்மூல மாற்றம்

பஞ்சப்பள்ளி அணை, ஏரிகள், திறந்த கிணறுகள் ஆகியவற்றோடு ஆழ்துளைக் கிணறுகளும் இவ்வட்டாரப் பாசனத்தில் இடம்பெற்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் அவற்றின் ஆழம் கூடியது. தருமபுரியின் கடும்பாறைகளில் புளோரைடு கொண்ட கனிமங்கள் உள்ளன. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீரில் கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகும்போது புளோரைடு மிகுதியாகக் கரைகிறது. ஏரி நிரம்பினால் ஊறும் புதுநீர் இச்செறிவைத் தணிக்கும். ஏரி வறண்டால் அத்தணிப்பு இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடந்த நீரை நெடுநாள் அருந்துவோர்க்குப் பற்களும், செறிவு மேலும் மிகுந்தால் எலும்புகளும் பாதிப்புறும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் 1937இலேயே பதிவாயிற்று.

திட்டமும் அதன் எல்லையும்

ஜப்பானியக் கடனுதவியுடன், 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பெற்றது. அது குடிநீரைக் காவிரியோடு இணைத்தது, பாசனத்தை அன்று. 2016இல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 விழுக்காடு குறைந்தது. ஓராண்டு வறட்சி மட்டுமே காலநிலை மாற்றத்திற்குச் சான்றாகாது. எனினும் வெப்பம் உயர்ந்து ஆவியாதல் மிகுந்தால் இத்தகைய ஆண்டுகளின் சுமை கூடும்.

முடிவுரை

குழாய்நீர் நோயைத் தடுக்கிறது. நிலத்தடி நீரை மீட்பதில்லை. அதுவும் காவிரி வரத்தையே சார்ந்தது. எனவே ஏரி, கால்வாய்ச் சீரமைப்பைப் பாசனப் பணியாக மட்டுமன்றிப் பொதுநலப் பணியாகவும் கருதுதல் வேண்டும்.