தொப்பிப் பெட்டியில் வந்த பீர்

கோலாலம்பூரில் மழை பெய்த ஒரு மாலையில், டென்மார்க் பீராயிற்றே என்ற மரியாதையோடு கார்ல்ஸ்பெர்க் கேனைத் திறந்தேன். இலேசான கசப்பு, நிறையக் குளிர்ச்சி. குறை சொல்லவும் ஒன்றுமில்லை, கொண்டாடவும் ஒன்றுமில்லை. கேனைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'ஷா ஆலம்'. பக்கத்து ஊர்!

சிரிப்புதான் வந்தது. எந்த லாகர் பீருக்குத்தான் சொந்த ஊர் ஒன்றே ஒன்று?

ஜெர்மன் மொழியில் 'லாகர்' என்றால் சேமித்து வைப்பது. கோடையில் பீர் கெட்டுப்போகிறது என்று பவேரியாவில் 1553இல் அந்தப் பருவத்தில் காய்ச்சுவதற்கே தடை போட்டார்கள். குளிர்காலத்தில் காய்ச்சிக் குகைகளில் வைத்தார்கள். குளிரைத் தாங்கும் ஈஸ்ட் மட்டுமே பிழைத்தது. அப்படியொரு உயிர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அடுத்து வந்தது திருட்டு. 1833இல் பீர் ஆலைக்காரர்களான மியூனிக்கின் சேடல்மாயரும் வியன்னாவின் டிரேயரும் பிரிட்டிஷ் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். கையில் உள்ளே குடைந்த கைத்தடி. யாரும் பார்க்காதபோது தொட்டியில் முக்கினால் மாதிரி உள்ளே ஏறிவிடும். நம் ஊர் மாமியார்களின் ரசப்பொடி ரகசியம்கூட இவர்களிடம் தப்பியிருக்காது.

இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரத்தார் 1838இல் தங்கள் ஊர் பீரை 36 பீப்பாய் தெருவில் கொட்டினார்கள், அவ்வளவு மோசம். பவேரியாவிலிருந்து யோசெஃப் குரோலை வரவழைத்தார்கள். பிரிட்டிஷ் முறையில் இளஞ்சூட்டில் உலர்த்திய பார்லி, உள்ளூர் ஹாப்ஸ், உப்புக் குறைந்த தண்ணீர். 1842இல் பொன்னிற பீர் பிறந்தது.

1845இல் யாகோப்சன் என்ற டேனியர் சேடல்மாயரிடம் ஈஸ்ட் வாங்கிக்கொண்டு கோபன்ஹேகன் கிளம்பினார். தொப்பிப் பெட்டிக்குள் வைத்து, குதிரைவண்டி நின்ற இடமெல்லாம் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினாராம். இரண்டு வருடத்தில் எழுந்த ஆலைக்கு மகன் கார்லின் பெயர்: கார்ல்ஸ்பெர்க். அங்கே 1883இல் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லைப் பிரித்து வளர்த்தார். அதைப் பூட்டி வைக்காமல் கேட்ட ஆலைகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். உலகத்து லாகர்கள் ஒரே ஜாடையில் இருப்பதற்கு இதுவும் காரணம். 1972இல் ஷா ஆலமிலும் கார்ல்ஸ்பெர்க் காய்ச்சத் தொடங்கினார்கள்.

அந்த லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் காட்டு இனமான ஒன்றை 2011இல் தென் அமெரிக்காவின் படகோனியாவில், மரக் கழலைகளில் கண்டுபிடித்தார்கள். 2014இல் அதைவிட நெருங்கிய சொந்தம் திபெத்தில் கிடைத்தது. கோலாலம்பூருக்குக் கோபன்ஹேகனைவிடத் திபெத்தான் வெகு பக்கம்.