மருத்துவக் கல்விக்கு முன் ஒரு பட்டம்: அமெரிக்க நிபந்தனையின் வரலாறும் தேவையும்

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் இல்லாமல் மருத்துவக் கல்லூரியில் சேரவே முடியாது என்பது பரவலான நம்பிக்கை. விதிகள் அப்படிச் சொல்லவில்லை. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எல்.சி.எம்.இ. குழு, விண்ணப்பதாரர்கள் மானுடவியல் துறைகளையும் இயற்கை அறிவியலையும் சமூக அறிவியலையும் தொட்ட பரந்த கல்வி பெற ஊக்குவிக்க வேண்டும் என்கிறதே தவிர, பட்டத்தைக் கட்டாயமாக்கவில்லை. பொதுவாக 120 கிரெடிட்டுகள் கொண்ட பட்டப்படிப்பில் 90 முடித்தாலே விண்ணப்பிக்கலாம் என்று சில கல்லூரிகள் அறிவித்தும் இருக்கின்றன. ஆனால் வழக்கமான வழியில் இடம் பெறுவோரில் பட்டமில்லாதவர் மிக அரிது. விதியில் இல்லாதது நடைமுறையில் இவ்வளவு இறுகியது எப்படி?

இதன் வேர் பால்டிமோரில் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது; மருத்துவப் பள்ளி தொடங்கப் பணமில்லை. தேவைப்பட்ட 5 லட்சம் டாலரில் 3 லட்சத்துக்கு மேல் கொடுத்தவர் மேரி எலிசபெத் காரெட். ஆண்களுக்குரிய அதே தகுதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. இளங்கலைப் பட்டமும், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தேர்ச்சியும் இல்லாதவரைச் சேர்க்கக் கூடாது என்பது இன்னொன்று. 1893இல் சேர்ந்த முதல் வகுப்பின் 18 பேரில் மூவர் பெண்கள். காலங்காலமாக அடைத்துக் கிடந்த கதவைத் திறந்த அதே கை, அக்கதவை வசதியுள்ளவர்களுக்கு மட்டுமாகக் குறுக்கியும் வைத்தது. அப்பள்ளியின் புகழுக்கே காரணமான வில்லியம் ஆஸ்லர், டொராண்டோவில் கலைப் படிப்பை இடையில் விட்டு மருத்துவத்துக்கு மாறி, 1872இல் மெக்கில்லில் எம்.டி. பெற்றவர். இளங்கலைப் பட்டம் பெறாத அவரால் தாம் பாடம் நடத்திய பள்ளியில் மாணவராகச் சேர்ந்திருக்க முடியாது.

அடுத்த திருப்பம் 1910. அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை, ஹாப்கின்ஸை முன்மாதிரியாகக் கொண்டது. ஆனால் பொது நிபந்தனையாக அவர் கேட்டது இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பைத்தான். வேதியியல், உயிரியல், இயற்பியல் அடித்தளம் இல்லாமல் ஆய்வகத்தில் எதையும் கற்க முடியாது என்பது அவர் வாதம். அது இன்றும் செல்லும். பட்டம் அதில் இல்லை. பின்வந்த பல பத்தாண்டுகளில் கல்லூரிகளுக்குள் போட்டி கூடக் கூட, அந்த இரண்டாண்டு நான்காண்டாக வளர்ந்தது. தரத்தை உயர்த்திய அந்தச் சீர்திருத்தத்துக்குக் கொடுத்த விலையும் பெரிது. கறுப்பின மாணவர்களுக்கான ஏழு பள்ளிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே எஞ்சின.

இன்று அந்த விலை கடனாக வருகிறது. கடன் வாங்கிப் படித்து மருத்துவப் பட்டம் பெறுவோர் சுமக்கும் தொகை சராசரியாக 2 லட்சம் டாலர் அளவில் இருக்கிறது. நான்காண்டு இளங்கலை, நான்காண்டு மருத்துவம், அதன்பின் துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழாண்டு வரை ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி. முப்பதை நெருங்கும்வரை முழுச் சம்பளம் இல்லாமல் தாக்குப்பிடிக்கக்கூடிய குடும்பத்துப் பிள்ளைக்கே இந்தப் பாதை எளிது.

பட்டம் முந்தி வந்தாக வேண்டும் என்பதற்கு எதிரான சான்றை அமெரிக்காவே வைத்திருக்கிறது. மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகம் 1971 முதல் பள்ளி முடித்தவர்களை நேராகச் சேர்த்து, ஆறாண்டில் பி.ஏ., எம்.டி. இரண்டையும் தருகிறது. அங்கே பத்துப் பன்னிரண்டு மாணவர்களுக்கு ஒரு மருத்துவர் வழிகாட்டி. தொடக்க ஆண்டுகளிலேயே அவருடன் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். இன்னும் வலுவான சான்று, அந்நாட்டு மருத்துவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் மருத்துவம் பயின்றவர் என்பது. சென்னை மருத்துவக் கல்லூரியிலோ வேலூர் சி.எம்.சி.யிலோ பிளஸ் டூ முடித்துச் சேர்ந்து எம்.பி.பி.எஸ். பெற்றவரிடம் தனியாக ஒரு இளங்கலைப் பட்டம் எங்கே என்று எந்த அமெரிக்க மருத்துவமனையும் கேட்பதில்லை. தகுதித் தேர்வுகளை எழுத வைத்து, அவருடைய அறிவைப் பார்த்துத்தான் ரெசிடென்சியில் சேர்க்கிறது. அயல்நாட்டவருக்குத் தேவைப்படாத பட்டம் உள்நாட்டவருக்கு மட்டும் ஏன் தேவை?

எதிர்வாதங்களில் எனக்கு உண்மையிலேயே கனமாகப் படுவது வயதைப் பற்றியது. பதினேழு வயதில் மருத்துவத்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பெற்றோரே; நீட் பயிற்சி மையங்களைப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விருப்பமில்லாத பிள்ளை மருத்துவரானால் இழப்பு நோயாளிக்கும்தான். இலக்கியமும் வரலாறும் படித்து, மனம் மாறுவதற்கு இடம் விடும் ஆண்டுகள் வேண்டும் என்பதை நான் முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் அந்த வாதம் கேட்பது அவகாசத்தை. பட்டச் சான்றிதழை அல்ல. கனடாவின் கியூபெக்கில், பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட சீஜெப் கல்லூரியை முடித்தவர்களுக்கு மெக்கில் பல்கலைக்கழகம் ஓராண்டு ஆயத்தப் படிப்பு தந்து, அதன்பின் மருத்துவத்துக்கு அனுப்புகிறது. அங்கே அவகாசமும் இருக்கிறது, நான்காண்டுச் செலவும் இல்லை.

ஆகவே 90 கிரெடிட் என்று அறிவித்திருக்கும் கல்லூரிகள் அதை மெய்யான வழியாக்க வேண்டும். மூன்றாண்டு முடித்தவர்களுக்கென ஒரு பங்கு இடங்களை ஒதுக்கி, அவர்களுடைய பிந்தைய தேர்ச்சியைப் பட்டதாரிகளின் தேர்ச்சியோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் வெளியிடட்டும். நான்காம் ஆண்டு எதைச் சேர்க்கிறது என்பதை அந்த ஒப்பீடு காட்டும்வரை, அதற்கான செலவை மாணவர் தலையில் ஏற்றுவதற்கு நியாயமில்லை.