இடைவார் என்னும் சொல்லின் மிச்சம்

அமெரிக்கக் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளில் பூம் லிஃப்ட் குறித்த பிரிவு, கூடையில் நிற்பவர் இடைவார் அணிந்து அதன் கயிற்றைக் கூடையிலோ பூமிலோ பிணைக்க வேண்டும் என்கிறது. அருகிலுள்ள கம்பத்தில் பிணைத்தலாகாது. கூடை நகர்ந்தால் ஆளை வெளியே இழுத்துவிடும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ, பூம் கவணாக மாறி அவரை வீசும்.

ஆனால் விழுபவரை இடைவார் தாங்குகையில் அதிர்வு முழுவதும் வயிற்றில் இறங்குகிறது. ஆகவே 1998 சனவரி 1 முதல், விழுவோரைத் தாங்கும் அமைப்பில் அது விலக்கப்பட்டது; விசையைத் தோளிலும் தொடையிலும் பகிரும் முழுவுடல் வார் அவ்விடத்தைப் பெற்றது. விளிம்பைத் தாண்டவிடாத குறுங்கயிறு போன்றவற்றுக்கு இடைவார் எஞ்சியது.

பழைய தொடரை எவரும் நீக்கவில்லை. அடியில் ஒரு குறிப்பைச் சேர்த்தனர். மூலத்தைத் தொடாமல் உரையால் பொருளை மாற்றும் வழக்கம் நமக்குப் புதிதன்று. எனினும் இங்கே குறிப்பைத் தவறவிடுபவர் உயரத்தில் நிற்கிறார். நம் பணியிடங்களிலோ இரண்டிற்கும் 'சேஃப்டி பெல்ட்' என்றே பெயர்.