சொந்த வானூர்தியும் காப்புறுதியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு



மகிழுந்தைச் சாலையில் ஓட்டக் காப்புறுதி கட்டாயம் என்பதை நம் மாணவர்களும் அறிவர். வணிக நோக்கமின்றிச் சொந்தமாகச் சிறு வானூர்தி வைத்திருப்பவருக்கு? இதற்கான விடை பிரிட்டனில் மெல்ல மெல்லவே உருவாயிற்று.

இலண்டன் லாயிட்ஸ், 17ஆம் நூற்றாண்டில் ஒரு காப்பிக் கடையில் கூடிக் கப்பல்களுக்குக் காப்புறுதி செய்தவர்களால் வளர்ந்த சந்தை. அங்கே 1911இல் முதல் வானூர்திக் காப்புறுதி எழுதப்பட்டது. மறு ஆண்டே ஒரு பறத்தல் விழாவில், மோசமான வானிலையால் வானூர்திகள் விபத்துக்குள்ளாயின. இழப்பைக் கண்ட காப்புறுதியாளர்கள் பின்வாங்கினர். வானூர்தியின் சேதத்துக்கான காப்புறுதி இன்றும் 'ஹல்' எனப்படுகிறது. அது கப்பலின் உடலைக் குறிக்கும் சொல்.

வானூர்தியின் சேதத்தை ஈடுசெய்ய இவ்வாறு வழி பிறந்தது. கீழே வயலில் நிற்பவர்மீது அது விழுந்தால் என் செய்வது? பிரிட்டனின் 1920ஆம் ஆண்டு வான் பயணச் சட்டம் இதற்கு விடையளித்தது. பாதிக்கப்பட்டவர், வானோடியின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. உரிமையாளர் இழப்பீடு தந்தாக வேண்டும். அதே சட்டம், தம் நிலத்தின்மேல் தக்க உயரத்தில் பறந்ததற்காக மட்டும் ஒருவர் வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. பறப்பவருக்கு வானம் திறந்தது. கீழே இருப்பவருக்கு ஈடு உறுதியளிக்கப்பட்டது.

ஆயினும், உரிமை வேறு. பணம் கைக்கு வருவது வேறு. 1925இல் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் 'மோத்' சிறு வானூர்தி வந்தபின் தனியார் பறத்தல் பெருகிற்று. காப்புறுதியும் பொருள்வளமும் இல்லாத உரிமையாளரிடம் எதைப் பெறுவது? 1929ஆம் ஆண்டின் வார்சா ஒப்பந்தம் அனைத்துலக வான்வழிப் போக்குவரத்தின் பயணிகளையும் சரக்குகளையும் பற்றியது. தரையில் இருப்போருக்கென 1933இல் உருவான ரோம் ஒப்பந்தத்தை மிகச் சில நாடுகளே ஏற்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் வகுத்த விதி, சொந்த வானூர்திகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அப்போது பிரிட்டனும் அதன் உறுப்பு நாடு. 2005 ஏப்ரல் 30 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. 500 முதல் 1,000 கிலோவுக்குட்பட்ட சிறு வானூர்திக்கும், ஒரு விபத்துக்குக் குறைந்தது 15 இலட்சம் 'சிறப்பு எடுப்பு உரிமை' அளவுக்குக் காப்பு வேண்டும் என்றது. இது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகாகும்.

1920இல் உரிமை, 2005இல் அவ்வுரிமைக்குப் பொருட்காப்பு. இடைவெளி 85 ஆண்டுகள்! வானூர்தியின் வரலாற்றை வகுப்பில் கூறும்போது, பறந்தவரோடு கீழே நின்றவரையும் மாணவர்க்கு நினைவூட்டுவோம்.